முதல் பேய் நாவல் போட்டுவிட்டேன், படிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

ஜூன் 9 (சோழவந்தானிலிருந்து வந்த கேள்வி)

அக்கா, என் முதல் திகில் நாவல் 200 பிரதி அச்சாகி வீட்டில் கட்டுக் கட்டாக இருக்கிறது. முகநூலில் அட்டையைப் போட்டேன். 140 லைக் வந்தது, 3 பிரதி விற்றது. அதில் ஒன்று என் மாமா வாங்கினது. தமிழில் பேய்ப்படம் பார்க்க ஆள் இருக்கிறது, காசு கொடுத்துப் பேய்க்கதை படிக்க ஆள் இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர். நான் சொல்வது தப்பா?

ஜூன் 9, இரவு

தப்பு, தம்பி. ஆள் இருக்கிறது. நானும் முதல் நாலு மாதம் நீங்கள் தேடுகிற இடத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

என் நாவல் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய், வெள்ளத்தில் அதன் மடையைத் திறக்க முங்கிப் போய்த் திரும்பி வராத ஒரு மனுஷன். அவ்வளவுதான் கதை. 300 பிரதி அடித்தேன். நாலு மாதத்தில் 41 போனது, அதிலும் பாதி ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் முகத்துக்காக வாங்கினது. மிச்சம் 259 கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இப்போது இரண்டாம் அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நடந்ததை ஒரே மூச்சில் எழுத முடியாது. நைட் டூட்டியில் லேபுக்குப் பரிசோதனை மாதிரி வராத நேரமாகப் பார்த்துப் போடுகிறேன்.

ஜூன் 11

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

புத்தக விலை 250. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு, அது 87.50. அச்சுக்கு ஒரு பிரதிக்கு 95 ஆனது. கையில் நிற்பது 67.50. இதைத் தாளில் எழுதிப் பார்க்காமல், ஒரு விமர்சனப் பக்கத்துக்கு 4,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் திரும்பி வர 60 பிரதி விற்க வேண்டும். வந்த விமர்சனத்தைப் படித்தபோது அவர்கள் அட்டையைத் தவிர எதையும் திறக்கவில்லை என்று தெரிந்தது. மடையும் இல்லை, கண்மாயும் இல்லை. ‘விறுவிறுப்பான நடை’ என்று இருந்தது. என் கதை விறுவிறுப்பாகவே போகாது, மெதுவாகத்தான் தண்ணீர் ஏறும்.

இன்னொருவர் ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், வாங்கித் தருகிறேன் என்று 1,500 வாங்கினார். அது இலவசம், தம்பி. ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்கிறது. சொந்தமாக நூல் போடுகிறவரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். உங்கள் புத்தகத்தில் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜூன் 12

நேற்று எழுதியதைப் படித்தபோது விளம்பரத்துக்குக் காசே செலவழிக்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்படி இல்லை. நான் உருப்படியாகச் செலவழித்தது, அச்சுக்குப் போகும் முன் 20 பேருக்கு அனுப்பிய ஸ்பைரல் பிரதிகளுக்கு. எல்லாரும் பேய்க்கதை விடாமல் படிக்கிறவர்கள். சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. எந்தப் பக்கத்தில் பயம் போய்விட்டது என்பதை மட்டும் குறித்துத் தரச் சொன்னேன். 12 பேர் ஒரே அத்தியாயத்தைச் சொன்னார்கள். அதை வெட்டிவிட்டேன்.

ஜூன் 15

சரி, ஆள் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன், வார்டு அட்டெண்டர்கள், நர்சுகள், நோயாளிக்குத் துணைக்கு வந்து தூக்கம் வராதவர்கள். நான் அங்கே ஆறு வருடமாக டீ குடிக்கிறேன். ஒரு நாள்தான் கவனித்தேன், ஆம்புலன்ஸ் அண்ணன் காதில் மாட்டியிருந்தது பாட்டு இல்லை, பேய்க்கதை. யூடியூபில் யாரோ ஒருவர் தழைந்த குரலில் நாற்பது நிமிஷம் சொல்கிறார். பக்கத்திலிருந்த செக்யூரிட்டி ஐயாவும் அதே ஆளைத்தான் கேட்கிறாராம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ராத்திரி வண்டி எடுக்கிற டிரைவர்கள், மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்பார்கள் என்றார் அண்ணன்.

நான் அதுவரை பேய்க்கதை ரசிகர்களை இலக்கியக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘ஓ, பேய்க்கதையா’ என்று வைத்துவிடுவார்கள். வலிக்கும். ஆனால் பத்தடி தள்ளி என்னோடு டீ குடித்த மனுஷன் வாரத்துக்கு ஏழு பேய்க்கதை கேட்கிறார். அவருக்கு நான் எழுதுவேன் என்பதே தெரியாது.

அன்றைக்கு அவரிடம் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது நடந்திருக்கா அண்ணே என்று மட்டும் கேட்டேன். விடிகிற வரைக்கும் சொன்னார்.

ஜூன் 16

“கேட்கிறவன் வாங்க மாட்டானே அக்கா” என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவான், முடிவு தெரியாவிட்டால்.

கதை வாசிக்கிற ஒரு சின்ன சேனலுக்கு முதல் அத்தியாயத்தை மட்டும் கொடுத்தேன். ஒரே அத்தியாயம், இத்தனை நாளைக்கு, கடைசியில் புத்தகத்தின் பெயரும் என் வாட்ஸ்அப் எண்ணும் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த அத்தியாயம் மடைக்குள் அவன் கை எதையோ பிடிக்கிற இடத்தில் முடியும். அந்த வாரம் 63 பேர் புத்தகம் கேட்டார்கள். பாதிக்கு மேல் குரல் பதிவு. “அக்கா, அப்புறம் என்னாச்சு?” இது ஒன்றுதான் கேள்வி. அதில் பல பேர் பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தை விட்டவர்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்று நான் நினைத்தது அப்போதுதான். இரண்டாம் அச்சில் 13 புள்ளி போட்டேன்.

இன்னொரு சேனல் கேட்காமலே மூன்று அத்தியாயத்தை வாசித்து ஏற்றிவிட்டது. நமக்குப் பதிவு ஏதும் இல்லையே, என்ன செய்ய முடியும் என்று முதலில் பயந்தேன். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய உடனேயே உரிமை நம்முடையது, நம் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும். யூடியூபிலேயே புகார்ப் படிவம் இருக்கிறது. நிரப்பினேன், எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 21

அமாவாசைதோறும் நான் நடத்துகிற மொட்டை மாடிக் கதைக் கூட்டம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அனுப்பானடியில் எங்கள் வீட்டு மாடி. அமாவாசை, ராத்திரி எட்டு மணி. யார் வந்தாலும் ஒரு கதை சொல்ல வேண்டும், தனக்கோ தன் வீட்டாருக்கோ நடந்ததாக இருக்க வேண்டும், சினிமாவில் பார்த்தது கூடாது. முதல் தடவை 11 பேர் வந்தார்கள். கேன்டீன் கூட்டம் ஐந்து, கதை கேட்டுப் புத்தகம் வாங்கினவர்கள் நாலு, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், அவர் பேரன். அம்மா சுண்டலும் சுக்குக் காபியும் போட்டார்கள்.

பாட்டி சொன்ன கதையை நான் மறக்கவே முடியாது. அவர் சிறுமியாக இருந்தபோது வைகையில் வெள்ளம் வடிந்த மறுநாள், ஆற்று மணலில் யாரோ தலையில் குடத்தோடு நடந்து போன காலடித் தடம். அக்கரை வரைக்கும் போகிறது, திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. பேயே இல்லை. மாடியில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நான் 180 பக்கத்தில் செய்யப் பார்த்ததை அந்த அம்மா மூன்று நிமிஷத்தில் செய்துவிட்டார்கள்.

அன்றைக்கு நாலு பிரதி போனது. அதைக் கணக்கில் வைக்காதீர்கள். இந்த 11 பேர்தான் அடுத்த அமாவாசைக்கு ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வந்தார்கள். இப்போது மாடி கொள்ளவில்லை.

ஜூன் 22

கூட்டத்தில் புத்தகத்தைக் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைக்காதீர்கள். ஒரு தடவை வைத்தேன். கதை சொல்கிறவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள், ஏதோ விற்பனைக்கு உட்கார வைத்த மாதிரி. அடுத்த தடவை வீட்டுக்குள் வைத்தேன். கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 28

போன தமுக்கம் புத்தகத் திருவிழாவில் தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தன் ஸ்டாலில் ஓர் ஓரம் கொடுத்தார். வாங்குகிறவர்களுக்குப் பத்து சதவீதக் கழிவு எல்லா ஸ்டாலிலும் உண்டு, அதை விலை வைக்கும்போதே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

அங்கே நின்றதில் தெரிந்துகொண்டது ஒன்று. நாற்பது வயதுக்காரர்கள் பேய் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். பேசிப் பார்த்தால் எல்லாரும் தொண்ணூறுகளில் டி.வி.யில் ‘விடாது கருப்பு’ பார்த்துவிட்டுப் போர்வைக்குள் ஒளிந்தவர்கள். அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையிலேயே வாழ்ந்தவர். 2024 நவம்பரில் இங்கேயே மறைந்தார். அவருடைய வாசகர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அடுத்து யாரைப் படிப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அம்மா என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு “அவரு மாதிரி எழுதுவியாம்மா?” என்று கேட்டார். அவர் மாதிரி வராது, வேற மாதிரி இருக்கும், அவரைப் படித்துத்தான் வந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டார். முன்னால் எழுதியவர்களைப் பற்றி மனதாரப் பேசுங்கள், தம்பி. என்னைப் பற்றி நான் பேசிய எந்த நாளிலும் அவ்வளவு நேரம் ஆட்கள் நின்று பேசியதில்லை.

என் அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் அட்டையில் மண்டை ஓடு, ரத்தம் சொட்டுகிற எழுத்து. வெட்கமாக இருந்ததால் இரண்டாம் அச்சில் மடைக்கல்லும் தண்ணீரும் மட்டும் வைத்தேன். திருவிழாவில் நன்றாகப் போனது.

ஜூலை 3

மின்னூல் பற்றி ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யவேண்டாம்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம். அதில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூல் வேறு எங்கும் இருக்கக்கூடாது. அந்த 90 நாளில் அதிகபட்சம் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். நான் சேர்ந்துவிட்டேன், ஆனால் முன்பு பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் போட்ட ஏழு அத்தியாயம் அங்கேயே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. ராத்திரி வேலைக்கு நடுவில் பதறிப்போய் அவ்வளவையும் அழித்தேன். அதோடு அங்கே இருந்த 200 சொச்சம் பின்னூட்டமும் போய்விட்டது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கூடவே வந்த ஆட்கள், தம்பி. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூலை 4

திருத்தம். முழுவதையும் அழித்திருக்கவே வேண்டாம். நூலில் 10 சதவீதம் வரை மாதிரியாக வெளியே வைக்க விதியிலேயே இடம் இருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயத்தை விட்டு வைத்திருக்கலாம். அச்சுப் புத்தகத்தை இந்த 90 நாள் கட்டுப்படுத்தாது. அதை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம்.

அமேசானில் விமர்சனம் எழுத வீட்டாரைக் கெஞ்சவும் வேண்டாம். குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவதை அவர்கள் அனுமதிப்பதில்லை. காசு கொடுத்து எழுத வைப்பதும் அப்படித்தான். இலவசப் பிரதி கொடுக்கலாம், எழுதித்தான் ஆகவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது.

ஜூலை 10

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் நாவலின் நடுவில் ஒரு குழந்தை கண்மாயில் இறந்துபோகும். அந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை. புத்தகம் வாங்கின ஓர் அம்மா எழுதினார், அவர் பிள்ளை கிணற்றில் போய் மூன்று வருடம் ஆகிறது என்று. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாராம். கோபமாக எழுதவில்லை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த நாலு பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பேன், மத்ததெல்லாம் எனக்குப் புடிச்சிருந்துச்சு” என்று எழுதியிருந்தார். நான் அன்றைக்கு டூட்டிக்குப் போகவில்லை.

இரண்டாம் அச்சில் முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டேன்: குழந்தையின் மரணம் இந்தக் கதையில் வருகிறது, 96 முதல் 99 வரை உள்ள பக்கங்களைத் தாண்டினாலும் கதை புரியும். பயம் போய்விடும், திருப்பம் தெரிந்துவிடும் என்று இரண்டு எழுத்தாளர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. பேய்க்கதை படிக்கிறவர்களில் நிறையப் பேர் ஏதோ ஒரு சாவைக் கூட வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். மாடிக் கூட்டத்தில் சொல்லப்படுகிற கதைகளில் பாதி செத்துப்போன அப்பா வந்தது, அக்கா வந்தது என்பவைதான்.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை எடுத்துப் படியுங்கள். சார்ங்கலன் என்ற பையன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். ஒரு பெண்ணின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு பேய் ஆடுகிறது. பார்த்துவிட்டு ஓடி வந்து அம்மாவிடம் சொல்லி உயிரை விடுகிறான். பேய் வருவது கொஞ்ச இடம்தான். அதற்குப் பிறகு முழுக்க அந்தத் தாய் கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கொடு என்று தெய்வத்திடம் மன்றாடுவது. எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். தானியம் விற்றவர். கீழமாசி வீதியில் பருப்பு மூட்டை இறக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. ‘ஓ, பேய்க்கதையா’ என்று புத்தகத்தைக் கீழே வைத்தவர்களிடம் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது, எல்லாரும் கருப்பசாமி கதை அனுப்புகிறீர்கள். அதனால் ஒரு விஷயம்.

என் முதல் வரைவில் மடையில் இருந்து எழுந்து வருவது ஒரு கருப்பு. முன்வாசிப்பில் மேலூர்க்காரர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “அது எங்க குலசாமிம்மா. சாமியப் பேயாக்கலாமா?” அழகர்கோவில் பதினெட்டாம்படியில் சந்தனம் பூசிய கதவுதான் தெய்வம், சிலை கிடையாது. பொய் சொன்னவன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்யப் பயப்படுவான். அந்தப் பயம் வேறு, பேய்ப் பயம் வேறு. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். திருத்தி எழுதினேன், காவலுக்கு நிற்கிறவராகவே வைத்தேன். கதை முன்பைவிடப் பயமாக வந்தது, ஏனென்றால் காவல்காரரே பின்வாங்குகிற இடம் ஒன்று வருகிறது.

மயானத்தில் வேலை பார்க்கிறவரை மிரட்டுகிற உருவமாகக் காட்டுவது, மனநலம் சரியில்லாத பெண்ணைப் பேய் பிடித்தவளாக்குவது, இரண்டும் என் பழைய சிறுகதைகளில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் அவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கதைகளை இனித் தொகுப்பில் சேர்க்கமாட்டேன்.

ஜூலை 26

நூலகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிதுதான், அங்கே புத்தகம் இருப்பது சந்தோஷம்தான். ஆனால் எனக்குக் கூட்டம் சேர்ந்தது ஊர்ப்புற நூலகங்களின் வாசகர் வட்டத்தில். சனிக்கிழமை சாயங்காலம், இருபது நாற்காலி. நூலகரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்று 1954-ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. பதிப்பாளர் நீங்களே என்றால் அதை அனுப்புகிற வேலையும் உங்களுடையதே.

ஆகஸ்ட் 2

அட்டையைப் பற்றி ஜூன் 28-ல் எழுதியது பாதிதான் சரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் தண்ணீர் அட்டை 10, மீதமிருந்த மண்டை ஓடு அட்டை 10 வைத்திருந்தேன். நேற்றுக் கணக்குப் பார்த்தேன். மண்டை ஓடு பத்தும் போய்விட்டது, தண்ணீரில் இரண்டு. “ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கிறவன் அரை நிமிஷத்துல எடுக்கணும்மா, இதைப் பார்த்தா விவசாயப் புத்தகம்னு நினைக்கிறான்” என்றார் கடைக்காரர். என் வெட்கம்தான் அட்டையை மாற்றியது, வாசகர் கேட்கவில்லை. சின்ன வயதில் புதுமண்டபத்துக் கடையில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை வேதாளப் படத்துக்காக அடம்பிடித்து வாங்கினவள் நான். மூன்றாம் அச்சில் இரண்டு அட்டையும் போடப்போகிறேன்.

ஆகஸ்ட் 3

சோழவந்தான் தம்பி, 200-ல் 58 போய்விட்டது என்ற செய்தி பார்த்தேன். அதைவிட, தென்கரைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் ராத்திரிக் காவல் இருந்த பெரியவர் உங்களைத் தேடி வந்து கதை சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் எனக்கு சந்தோஷம். அவர் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யுங்கள், நடுவில் குறுக்கிடாமல். வருகிற அமாவாசைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திரும்பிப் போக பஸ் இருக்காது. ஆம்புலன்ஸ் அண்ணனுக்கு அன்றைக்கு லீவு, தன் காரில் கொண்டு வந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பெரியவருக்கு முட்டிவலி இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், கீழே முற்றத்திலேயே பாய் போட்டுவிடலாம்.